கொண்டுவந்த மீன் வாய் திறக்கவில்லையா? மலையகத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வீடு மாறிப்போனவர்கள் விட்டுச்சென்ற தொட்டி, பிள்ளைக்குச் சலித்துப்போனதும் மூலைக்குத் தள்ளப்பட்ட கண்ணாடிக் கிண்ணம், கடையில் பிளாஸ்டிக் கோப்பைக்குள் நாட்கணக்காக அசையாமல் கிடந்த ஃபைட்டர் மீன். இப்படி வந்து சேரும் மீன் முதல் சில நாட்களுக்குத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கொண்டுவந்தவர் பதறிப்போய் ஒரே நாளில் நாலு வகைத் தீனி போடுவார். மறுநாள் தண்ணீர் கலங்கும். அதற்கடுத்த நாள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அது பசியால் வந்த கோளாறு இல்லை. போட்ட தீனி அழுகியதால் வந்தது.

ஓரளவு சதைப்பிடிப்புள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம், பத்து நாள் தின்னாமல் இருந்தாலும் தாங்கும். தங்கமீனும், ஒஸ்கார் என்ற பெரிய வளர்ப்பு மீனும் இரண்டு வாரம்கூடத் தாங்கும். குஞ்சுகளுக்குத்தான் அந்தத் தவணை இல்லை. ஒரு நாள், இரண்டு நாளில் அவை ஓய்ந்துவிடும். ஆகவே உங்கள் கையில் இருப்பது வளர்ந்த மீன் என்றால் அவசரப்பட வேண்டாம். தீனி டப்பாவை மூடி வைத்துவிட்டு தெர்மோமீட்டரை எடுங்கள்.

குளிர்

மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது. தண்ணீர் எத்தனை பாகையோ மீனும் அத்தனை பாகை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். தை, மாசி இரவுகளில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இவ்வளவு மோசமில்லை என்றாலும் விடியற்காலையில் வீட்டு வாளித் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஃபைட்டருக்கு வேண்டியது 25 முதல் 28 பாகை. ஏஞ்சல் மீனுக்கும் ஒஸ்காருக்கும் 24 முதல் 27. பதினேழு பாகைத் தண்ணீரில் இந்த மீன்களின் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது தின்ன மறுப்பது மீனின் புத்திசாலித்தனம் என்றே சொல்ல வேண்டும். குளிரில் விழுங்கியது குடலில் கிடந்து ஊதிக்கொள்ளும். கண்டியிலோ பதுளையிலோ நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன் நுவரெலியாவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

தங்கமீன் மட்டும் விதிவிலக்கு. அதற்கு 16 முதல் 22 பாகை சுகமானது, ஹீட்டர் தேவையில்லை. தங்கமீன் தின்னவில்லை என்றால் குளிரைக் குறை சொல்லாமல் தண்ணீரின் தரத்தைப் பாருங்கள். (ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்களுக்கு நமது குளிர்தான் சொர்க்கம். எந்த மீன், எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.)

ஹீட்டர் வாங்கும்போது கடைக்காரர் ஒரு லீற்றருக்கு ஒரு வொட் என்று சொல்வார். அந்தக் கணக்கு கொழும்புக்குச் சரி. அறையின் வெப்பத்தைவிட நாலைந்து பாகை கூட்டத்தான் அது போதும். நமக்குப் பத்து பாகை கூட்ட வேண்டியிருக்கும். லீற்றருக்கு இரண்டு வொட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 லீற்றர் தொட்டிக்கு 50 வொட். காற்று நுழையும் லயக் காம்பராவாக இருந்தால் தொட்டியின் அடியிலும் மூன்று பக்கங்களிலும் ஒரு அங்குல ரெஜிஃபோம் பலகை வைத்துக் கட்டி, மேலே மூடி போடுங்கள். ஹீட்டர் பாதி நேரம் ஓய்ந்திருக்கும், கரண்ட் கட்டணமும் குறையும். ஃபைட்டருக்கு மூடி இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். அது மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். தண்ணீருக்கு மேலே உள்ள காற்றும் இளஞ்சூடாக இருக்க வேண்டும்.

தானாக நிற்காத மலிவு ஹீட்டரை வாங்கவே வேண்டாம். தானாக நிற்கும் ஹீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அதில் எழுதியிருக்கும் 26, தண்ணீரில் 23 ஆகவும் இருக்கலாம், 29 ஆகவும் இருக்கலாம். தெர்மோமீட்டரை ஹீட்டருக்கு எதிர்ப்பக்க மூலையில் ஒட்டி, இரவு படுக்கப் போகும் முன்பும் விடிந்ததும் பாருங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் ஆற விட்டுப் பிறகு தண்ணீரை இறக்குங்கள். சூடான கண்ணாடிக் குழாய் காற்றில் பட்டால் வெடிக்கும். வயர் சுவரிலுள்ள பிளக்குக்கு நேராக ஏறக்கூடாது. பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டு ஏற்றினால், வயர் வழியே வழியும் தண்ணீர் கீழே சொட்டிவிடும்.

குளிரில் கிடந்த மீனை ஒரேயடியாகச் சூடாக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாகை வீதம் கூட்டுங்கள், ஒரு நாளைக்கு நாலு பாகைக்கு மேல் வேண்டாம். 17இலிருந்து 25க்கு வர இரண்டு நாள் ஆகும். இந்த இரண்டு நாளும் தீனி கிடையாது. 24ஐத் தாண்டி ஒரு முழு நாள் கழிந்த பிறகே முதல் வாய்.

கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். கேத்தலில் சூடாக்கிய தண்ணீரை மூடி இறுகிய போத்தலில் ஊற்றித் தொட்டிக்குள் மிதக்க விடுங்கள். கை தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும், கொதிநீர் வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வழியிலும் வாசலிலும்

பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவருகிறீர்கள் என்றால் பையை நாலைந்து மடிப்புப் பத்திரிகையில் சுற்றி ரெஜிஃபோம் பெட்டிக்குள் வையுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. புறப்படுவதற்கு முதல் நாள் தீனி போடாமல் விட்டால் வழியில் தண்ணீர் அழுக்காவது குறையும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது, மீன் எந்தத் தண்ணீரில் இருந்தது என்பதைப் பொறுத்தது. இங்குதான் பலருக்குத் தவறுகிறது.

மீன் பல மணி நேரம் மூடிய பையில் பயணித்து வந்திருந்தால், அது விட்ட கரியமில வாயுவால் பைத் தண்ணீர் அமிலமாகி இருக்கும். அமிலத் தண்ணீரில், மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சு அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அமோனியா விழித்துக்கொள்ளும். பீஎச் (தண்ணீரின் அமில அளவு; கூடினால் அமிலம் குறைவு) ஒன்று கூடினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். மூடிய பையை 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரை வெளியே கொட்டுங்கள்.

மீன் மாதக்கணக்காகக் கவனிப்பாரற்ற தொட்டியில் கிடந்தது என்றால் இதற்கு நேர்மாறு. அந்தத் தண்ணீரில் கழிவால் சேரும் நைத்திரேற்று ஏறி, பீஎச் இறங்கி, மீன் அதற்கே பழகிப்போயிருக்கும். சுத்தமான புதுத் தண்ணீரில் திடீரென்று போட்டால் அதிர்ச்சியில் படுத்துவிடும். அந்தப் பழைய தண்ணீரில் 15 லீற்றராவது மூடியுள்ள வாளியில் கொண்டுவாருங்கள். அதிலேயே மீனை விட்டு, நாளுக்கு 10 முதல் 15 வீதம் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் தண்ணீரில் பாதிக்கு மேல் புதிதாகிவிடும், மீனுக்கு அந்த மாற்றமே தெரியாது. பழைய தொட்டியின் பில்டர் ஸ்பொஞ்சையும் விட்டுவராதீர்கள். பார்க்க அழுக்காக இருக்கும். ஆனால் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா அதில்தான் இருக்கிறது. ஈரம் காயாமல் பொலித்தீனில் கொண்டுவந்து, தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து அப்படியே போடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அதைக் கொன்றுவிடும்.

பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்

குழாய்த் தண்ணீரில் குளோரின். மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் அகன்ற வாளியில் எயார் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வைக்கலாம்.

பீலியில், அதாவது ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் வரும் தண்ணீரில் குளோரின் இல்லை, அதனால் நல்லது என்று நினைப்போம். இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து அடிப்பது வழக்கம். மலைக்குக் கீழே ஓடிவரும் ஓடையில் அது கலந்தால் மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும். மருந்து அடித்த நாட்களிலும் அதன் பின் வரும் முதல் மழையிலும் தேயிலைக்குக் கீழ்ப்பக்கத்து ஓடைத் தண்ணீரை எடுக்காதீர்கள். மேலே காட்டிலிருந்து வரும் ஊற்று என்றால் பயமில்லை.

மற்றது, நமது மலைத் தண்ணீர் மிக மென்மையானது, கனியுப்புக் குறைவு. ஃபைட்டருக்கும் ஏஞ்சலுக்கும் அது பிடிக்கும். கப்பி, மொலி மீன்களுக்குப் பிடிக்காது. அவை செட்டையை ஒடுக்கிக்கொண்டு ஓரிடத்தில் நின்று ஆடும், தின்னாது. மென்மையான தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பில்டர் பக்டீரியா வேலை செய்யச் செய்ய, தண்ணீரின் காரத்தன்மை செலவாகும். காரம் தீர்ந்ததும் பீஎச் சரசரவென்று 6க்குக் கீழே விழும், பக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். ஒரு கைப்பிடி கடற்சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி, துணிப்பையில் கட்டி, பில்டர் பக்கத்தில் போட்டு வைத்தால் மெதுவாகக் கரைந்து ஈடுகட்டும். அவசரத்துக்கு அப்பச் சோடா: 50 லீற்றருக்குத் தட்டையாகக் கால் தேக்கரண்டி, ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும். ஆனால் தண்ணீரில் அமோனியா இருக்கும்போது சோடாவைத் தொடாதீர்கள். காரணத்தைப் பைத் தண்ணீர் பற்றிச் சொல்லும்போதே பார்த்தோம்.

அமோனியா, அதிலிருந்து பக்டீரியா உண்டாக்கும் இன்னொரு நச்சான நைத்திரைற்று, இரண்டுக்கும் சோதனைப் பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். அமோனியா 0.25 காட்டினாலே பசி போய்விடும். சோதனைப் பெட்டி இல்லையென்றால் முதல் இரண்டு வாரம் தினமும் நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை கேத்தல் சூட்டால் கலந்து, தொட்டியின் வெப்பத்துக்கு ஒரு பாகை வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துதான் ஊற்ற வேண்டும். (பழைய தொட்டித் தண்ணீரோடு வந்த மீனுக்கு மேலே சொன்ன 10 முதல் 15 வீதம்தான்.)

தங்கும் தொட்டி

புது மீன் முதல் சில வாரம் தங்க 20 முதல் 25 லீற்றர் தொட்டி போதும். கண்ணாடியாகவும் இருக்கலாம், சாப்பாட்டுப் பொருள் வைக்கும் தடித்த பிளாஸ்டிக் பெட்டியாகவும் இருக்கலாம். பெரிய ஒஸ்காருக்கு இது போதாது. அதற்கு 200 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். அடியில் கல்லோ மணலோ போட வேண்டாம். மிச்சத் தீனியும் மலமும் கண்ணில் பட வேண்டும், அதுதான் உங்களுக்கு நோய்க்குறிப்பு. ஸ்பொஞ்ச் பில்டர், மெல்லிய குமிழி, ஒளிய ஒரு பழைய பூச்சாடி அல்லது பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒளிய இடமில்லாத மீன் ஒருபோதும் நிம்மதியாகத் தின்னாது. ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரும்.

முதல் நாள் விளக்கு வேண்டாம். தொட்டியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலும் கதவு அடிபடும் இடத்திலும் வைக்க வேண்டாம். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

ஒரு பழைய கொப்பியில் தினமும் நாலு விடயம் எழுதுங்கள்: காலை வெப்பநிலை, போட்ட தீனி, தின்றதா துப்பியதா, மலத்தின் நிறம். பத்தாம் நாள் மருத்துவரிடம் கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

முதல் வாய்

வெப்பமும் தண்ணீரும் சரியாகி, மீன் ஒளிவிடத்தைவிட்டு வெளியே வந்து திரியத் தொடங்கிய பிறகே இது. விளக்கு போட்டு அரை மணி கழித்து, ஒரே ஒரு துண்டு. அதன் அளவு மீனின் கண்ணைவிடச் சிறியதாக இருக்கட்டும். போட்டுவிட்டு இரண்டடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். ஐந்து நிமிடம். தின்னாவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சாலோ எயார் குழாயாலோ அதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மறுபடி முயல்வது மறுநாள்தான்.

எதைக் கொடுப்பது? பெலட் எனப்படும் கடை உருண்டைத் தீனியிலிருந்து தொடங்காதீர்கள். அசைகிற, மணக்கிற தீனிதான் முதலில். மலையகத்தில் எல்லோர் கைக்கும் எட்டுவது மண்புழு. மரக்கறித் தோட்டத்தில், மருந்து அடிக்காத ஓரத்தில் தோண்டுங்கள். சாணிக் குவியலில் நெளியும் சிவப்புப் புழு வேண்டாம். தொட்டால் மஞ்சள் நீர் கக்கும், அந்தக் கசப்புக்கு மீன் துப்பிவிடும், பிறகு நல்ல புழுவையும் நம்பாது. எடுத்த புழுவை ஈரத் தாளில் ஒரு நாள் வைத்தால் வயிற்றிலுள்ள மண் வெளியேறும். கழுவி, ஃபைட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் துண்டுகளாக, ஒஸ்காருக்கு ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள்.

துண்டை ஈர்க்கு நுனியில் லேசாகச் சொருகி, மீனின் முகத்துக்கு முன்னால் ஐந்து சென்டிமீற்றர் தள்ளி மெதுவாக அசையுங்கள். முகத்தை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள், விலக்கிக்கொண்டு போங்கள். தப்பி ஓடுவதைத்தான் மீன் துரத்தும். ஈர்க்கின் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நகரத்தில் இருந்தால் இறால். நரம்பை எடுத்து, அரை நிமிடம் கொதிநீரில் போட்டு, பொலித்தீனுக்குள் மெல்லிய தகடுபோலப் பரப்பி உறைய வையுங்கள். வேண்டியபோது ஒரு விரல்நக அளவு உடைத்து, தொட்டித் தண்ணீரில் இளக்கிக் கொடுக்கலாம். கடையில் விற்கும் காய்ந்த கூனி வேண்டாம், உப்பு அதிகம்.

மீன் தீனிக்காக ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரிக்க வைப்பவர்களுக்கு மலையகத்தில் ஒரு தொல்லை உண்டு: குளிரில் பொரிக்காது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒன்றரை மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி முட்டை, அடிவரை இறங்கிய எயார் குழாய், 26 முதல் 28 பாகை. போத்தலைச் சமையலறை மேசையில் வைத்தால் இரண்டு நாளாகியும் பாதிகூடப் பொரிக்காது. ஹீட்டர் போட்ட தொட்டிக்குள்ளேயே போத்தலைக் கட்டி நிறுத்துங்கள், 24 முதல் 36 மணி நேரத்தில் செம்மஞ்சள் புகைபோலக் குஞ்சுகள் தெரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே சேரும். அடியில் டோர்ச் வெளிச்சம் காட்டினால் இன்னும் சுலபம். மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். கோது போகக் கூடாது, சின்ன மீனின் குடலில் அடைத்துக்கொள்ளும்.

நுளம்புப் புழு மீனுக்குத் தேன்போல. ஆனால் வீட்டில் அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது, டெங்குவும் மீனைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. எங்காவது தேங்கிய தண்ணீரில் கண்டால் வடித்தெடுத்துக் கொடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கானில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழுவை, எவ்வளவு அலசினாலும், நலிந்த மீனுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒஸ்காருக்கு உயிருள்ள கப்பி போட்டுப் பழக்குவதும் வேண்டாத வேலை. நோய் உள்ளே வரும், பிறகு அது வேறு எதையும் தொடாது.

தங்கமீனுக்கு இந்தப் புழுக் கச்சேரி எல்லாம் அவ்வளவு தேவையில்லை. அவித்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒன்றை நசுக்கி, கடுகளவு துண்டுகளாகப் போடுங்கள். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, நேராகக் குடல்தான். ஆகவே ஒரே தடவையாக அல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை. கிண்ணத்தில் வளர்ந்த தங்கமீன்கள் பாணும் சோறும் பிஸ்கட்டும் தின்றே பழகியிருக்கும், மற்றதைத் தீனி என்றே அறியாது. அதற்காகப் பாண் போடாதீர்கள். நாலைந்து நாள் பட்டாணி மட்டும் காட்டினால் தானாக முகர்ந்து பார்க்கும்.

டேங்க் கிளீனர் போன்ற அடித்தள மீன்கள் உங்கள் கண்முன் தின்னாது. விளக்கை அணைத்து அரை மணி கழித்து, அரைவேக்காட்டு வெள்ளரித் துண்டு ஒன்றைக் கழுவிய கல்லோடு கட்டி இறக்கி, காலையில் எடுத்துப் பாருங்கள். பெயர் கிளீனர் என்பதால் மற்ற மீனின் மிச்சத்தைத் தின்று வாழும் என்று விட்டுவிடுவதால்தான் இவை மெலிந்து வருகின்றன.

என்ன செய்கிறது என்று பாருங்கள்

தீனிக்குக் கிட்டவே வராத மீனுக்குப் பயம் அல்லது தண்ணீர்க் கோளாறு. வந்து, பார்த்து, திரும்பிப் போனால் தீனி அதற்குத் தெரியாத ஒன்று. ஒரு பல் வெள்ளைப்பூண்டை நசுக்கிய சாற்றில் இரண்டு துளி விட்டு, தீனியைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மணத்துக்கு வரும். பூண்டு இங்கே மணத்துக்குத்தான், மருந்தாக நினைக்க வேண்டாம்.

கவ்வி, மென்று, துப்பினால் அளவு பெரிது அல்லது கடினம் என்று அர்த்தம். இன்னும் சிறிதாக்குங்கள், பெலட் என்றால் மூன்று நிமிடம் ஊறவையுங்கள். அப்படியும் துப்பினால் டோர்ச் அடித்து வாயைப் பாருங்கள். தங்கமீன் என்றால் வாய்க்குள் கல் சிக்கியிருக்கலாம். உதட்டில் பஞ்சுபோல வெள்ளை படிந்திருந்தால் அதைப் பூஞ்சை என்பார்கள், அநேகமாக அது பக்டீரியா நோய். சூட்டில் வேகமாகப் பரவும். அப்போது மட்டும் 27க்கு ஏற்றாமல் 24இல் நிறுத்தி, சிகிச்சை தேடுங்கள்.

சில நாள் தின்னாத மீன் வெள்ளை நூல்போல மலம் விட்டால் பயப்பட வேண்டாம், குடலின் சளிதான் அது. நன்றாகத் தின்றபின்பும் வெள்ளை நூலே வந்து, முதுகு கத்திபோல மெலிந்துகொண்டு போனால் உள்ளே ஒட்டுண்ணி இருக்கலாம். வயிறு ஊதி, செதில்கள் பைனஸ் காய் விரிந்ததுபோல் நிமிர்ந்து நின்றால் தீனி முயற்சியை நிறுத்துங்கள். அது சிறுநீரகம்வரை போன கோளாறு. செதில் படிந்திருக்க வயிறு மட்டும் ஊதி, மலம் போகவில்லை என்றால் மலச்சிக்கல். பாமசியில் கிடைக்கும் எப்சம் உப்பு, 20 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி, தனியாகக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் பட்டினி.

மனிதருக்கான அன்டிபயோட்டிக் கப்சூலை உடைத்துத் தண்ணீரில் கொட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பில்டர் பக்டீரியாவும் சேர்ந்து செத்து, அமோனியா ஏறி, மீன் இரண்டு மடங்கு கெடும். மருந்து வேண்டும் என்று தோன்றினால் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் நீர்வாழ் உயிரினங்களின் நோய்களை ஆராயும் பிரிவும் இருக்கிறது. மீனின் படம், தண்ணீரின் அளவீடு, அந்தக் கொப்பி மூன்றும் கையில் இருக்கட்டும்.

பெலட்டுக்கு மாற்றுதல்

மூன்று நாள் தொடர்ந்து புழுவோ இறாலோ தின்ற பிறகு இதைத் தொடங்குங்கள். வேகவைத்த இறாலை நசுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு பெலட் தூள் சேர்த்துச் சிறு உருண்டையாக்குங்கள். மூன்று நாள் கழித்துச் சரிபாதி. இன்னும் மூன்று நாளில் ஒரு பங்கு இறால், மூன்று பங்கு தூள். பிறகு இறால் சாற்றில் ஊறிய முழுப் பெலட். ஏதாவது ஒரு கட்டத்தில் துப்பினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள், பட்டினி போட்டுப் பணிய வைக்கப் பார்க்காதீர்கள். நலிந்த மீனுக்கு அது சரிவராது.

பெலட்டையும் சந்தேகியுங்கள். மீனோடு வந்த பழைய தீனி டப்பாவை வீசிவிடுங்கள். திறந்து ஆறு மாதம் தாண்டிய தீனியில் சத்தும் மணமும் போயிருக்கும். மூடுபனி வீட்டுக்குள் வரும் ஊர்களில் அதற்கு முன்னரே பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஈரக் கையால் தொடக் கூடாது.

தின்னத் தொடங்கிய பின்

இத்தனை நாள் காத்திருந்த மகிழ்ச்சியில் அள்ளிப் போடுவதுதான் அடுத்த ஆபத்து. முதல் வாரம் நாளுக்கு இரண்டு வேளை, ஃபைட்டருக்கு வேளைக்கு இரண்டு மூன்று சிறு பெலட் அளவு. வாரத்தில் ஒரு நாள் தீனியில்லை. தீனி கூடும்போது அமோனியாவும் கூடும், பில்டர் அதற்குப் பழக நாளாகும். ஆகவே தண்ணீர் மாற்றுவதை இந்த வாரத்தில் குறைக்காதீர்கள்.

மூன்று வாரம் தொடர்ந்து தின்று, மலம் தீனியின் நிறத்தில் வந்து, வயிற்றுக் கோடு நிரம்பியதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வளர்ந்து இடம் போதாமல் போகும் ஒஸ்காரையும் டேங்க் கிளீனரையும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலோ பக்கத்து ஓடையிலோ விடாதீர்கள். அங்குள்ள மீன்களின் முட்டைக்கும் குஞ்சுக்கும் அது முடிவு. பெரிய தொட்டி வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன் தை மாதத்தில் ஒரு காலை திடீரென்று தீனியை விட்டு விலகினால் பூண்டும் புழுவும் தேட வேண்டாம். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இரவு கரண்ட் போய் வந்திருக்கும், அல்லது தரை துடைத்தவர் பிளக்கைக் கழற்றிவிட்டு மறந்திருப்பார்.